கிட்டார்ப் பெட்டியை யார் தூக்குவது

ராஜபாளையம்
7.1.2025

அன்புள்ள ஆஸ்டினுக்கு,

கடிதத்தை 'அன்புள்ள' என்றுதான் தொடங்க வேண்டும் என்று வெள்ளத்தாய் டீச்சர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அதனால் போட்டேன். நீ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதை எழுதுவது நான்தான். சூசை. என் கையால் எழுதுகிறேன். எழுபத்தொரு வயதில் நான் எழுதும் முதல் கடிதம் இது. அது உன்னைத் திட்டும் கடிதமாக அமைந்ததில் எனக்குக் கொஞ்சம் வருத்தம், நிறையச் சந்தோஷம். வாயால் திட்டினால் நீ குறுக்கே பேசுவாய். தாளில் உன்னால் பேச முடியாது. எழுத்தில் இப்படி ஒரு வசதி இருப்பதை இத்தனை காலம் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

போன வெள்ளிக்கிழமை காலை பஞ்சு மார்க்கெட் நிறுத்தத்தில் நீ பஸ்ஸை விட்டு இறங்கினாய். நான் எதிரே மாரிக்கனி டீக்கடையில் இருந்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. ஸ்டூடியோக்காரப் பெண் பானுப்பிரியா ஸ்கூட்டரோடு காத்திருந்தாள். உன் கிட்டார்ப் பெட்டியை அவளிடம் கொடுத்தாய். அவள் அதைத் தோளில் மாட்டிக்கொண்டாள். நீ பின்னால் ஏறி உட்கார்ந்து, புது மாப்பிள்ளை மாதிரி தலைமுடியைத் தடவிக்கொண்டு போனாய்.

முப்பத்தாறு வருடமாக அந்தப் பெட்டியைத் தூக்கியவன் நான். குற்றாலத்தில் சீசன் நேரம் ஓட்டலில் வாசித்தோமே, அப்போதும் நான்தான். ஆலங்குளம் சிமென்ட் ஆலைக் குடியிருப்பில் மழையோடு மழையாகக் கிறிஸ்துமஸுக்கு வாசித்தோமே, அப்போதும் நான்தான். ஒரு கையில் என் டிரம், மறு கையில் உன் பெட்டி. "கிட்டார்க்காரன் விரலுக்குப் பாரம் ஆகாதுலே" என்று நீ சொன்னாய். நான் நம்பினேன். உன் சொந்த மகனையே அதைத் தொட விட்டதில்லை நீ. இப்போது பேஸ் கிட்டார் வாசிக்கத் தெரிந்தால் போதும், யார் வேண்டுமானாலும் தூக்கலாம் என்று ஆகிவிட்டது.

ஜாஸையும் விட்டுவிட்டாயாமே. இப்போது ஃபங்க் வாசிக்கிறாயாம். ஊரில் ஜாஸ் என்றால் என்ன என்று ஒருவருக்கும் தெரியாத காலத்தில் நாம் இரண்டு பேரும் அதைக் கட்டிக்கொண்டு அழுதோம். கல்யாண வீட்டில் அரை மணி நேரம் வாசித்த பிறகு ஒரு பெரியவர் வந்து, "தம்பி, சுதி சேத்தாச்சுன்னா பாட்டை ஆரம்பிங்கப்பா" என்று கேட்டாரே, நினைவிருக்கிறதா? அன்றைக்கு நாம் சிரித்த சிரிப்பு இரண்டு பேருக்கும் சொந்தம். அதையும் அந்தப் பெண்ணிடம் சொல்லியிருப்பாய்.

நான் உங்கள் ஸ்டூடியோவை விட்டு இறங்கி வந்து ஒரு மாதம் ஆகிறது. ஏன் இறங்கினேன் என்று நீ வந்து கேட்கவில்லை. போனில் கூப்பிட்டாய். நான் எடுக்கவில்லை. இனிமேலும் எடுக்க மாட்டேன். கேட்க வேண்டியதை எழுதிக் கேள்.

இவ்வளவு எழுத நான்கு நாள் ஆனது. கை வலிக்கிறது. நல்ல வலி.

எழுதியவன்
சூசை
(கையெழுத்தும் நான் போட்டதே.)


ஸ்ரீவில்லிபுத்தூர்
11.1.2025

சூசைக்கு,

கடிதம் கிடைத்தது. கையெழுத்து அழகாக இருக்கிறது. யாருடையது?

தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஒருவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதிய கடிதத்தை உறையைப் பார்த்தே சொல்வேன். உன் டீச்சருக்கு நல்ல கற்பனை. ஆனால் 'கையெழுத்தும் நான் போட்டதே' என்று எழுதியது கொஞ்சம் அதிகம். போன வாரம் பஸ் ஸ்டாண்டில் உங்கள் இருவரையும் பார்த்தேன். அவர் ஒவ்வொரு பஸ்ஸாக விரலை நீட்டிச் சொல்ல, நீ வாயைப் பிளந்துகொண்டு தலையாட்டிக்கொண்டிருந்தாய். பஸ் போர்டு படித்துச் சொல்ல எனக்குப் பதில் வேறு ஆள் கிடைத்துவிட்டது போலிருக்கிறது. நல்லது. நான் உன் பக்கம் வராமல் என் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

ஏன் இறங்கிப் போனாய் என்று நான் கேட்க வேண்டுமா? அங்கே இருந்தவர்கள் அத்தனை பேரும் பார்த்ததுதானே. ஸ்டூடியோவில் காதுக்குள் கிளிக் போடுவார்கள், தாளம் தவறாமல் இருக்க ஒரு டிக் டிக் சத்தம். எல்லா ஊரிலும் அப்படித்தான். பானுப்பிரியாவின் தம்பி அழகுராஜா ஹெட்போனை உன் தலையில் மாட்டியதும், "எவம்லே என் காதுக்குள்ள தட்டுதான்? தாளம் போட நான் இருக்கையில இவன் யாரு?" என்று கழற்றிப் போட்டாய். அந்தப் பிள்ளை பாவம், அக்காவின் முகத்தைப் பார்க்கிறான். பானுப்பிரியா சென்னையில் நல்ல சம்பள வேலையை விட்டுவிட்டு வந்து, அப்பாவுடைய பஞ்சு குடோன் மாடியில் சுவரெல்லாம் கழிவுப் பஞ்சை அடைத்து ஒரு ஸ்டூடியோ கட்டியிருக்கிறாள். முதல் ஆல்பம் நம்முடையதாக இருக்கட்டும் என்று கூப்பிட்டாள். நீ செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாய். எனக்கு எவ்வளவு அவமானம் தெரியுமா?

ஃபங்க் பற்றிக் கேட்டாய். சொல்கிறேன். ஜாஸில் நான் கதை சொல்லிக்கொண்டே போவேன், ஊர் சுற்றிவிட்டு வீடு வந்து சேர்வேன். இதில் கதை கிடையாது. இடது கையால் கம்பியை அமுக்கிச் சத்தத்தைச் சாகடித்துவிட்டு, வலது கையால் வெட்டி வெட்டி வாசிக்க வேண்டும். காலுக்குக் கீழே ஒரு பெடல் இருக்கிறது. மிதித்தால் கிட்டார் பேசுகிறது. முதல் அடியில் எல்லாரும் ஒன்றாக வந்து இறங்க வேண்டும், அதற்குப் பிறகு அவரவர் இஷ்டம். அறுபத்தெட்டு வயதில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை சூசை. "அங்கிள், உங்க வலது கையை மட்டும் தனியா ரெக்கார்ட் பண்ணணும்" என்கிறாள் அந்தப் பெண். என் வலது கையைப் பற்றி இதுவரை யாரும் பேசியதில்லை. நீயும் பேசியதில்லை.

ஆறு பாட்டு முடிந்துவிட்டது. டிரம்முக்கு மெஷின் வைத்துக்கொண்டோம். மெஷின் கோபித்துக்கொண்டு இறங்கிப் போவதில்லை.

ஆஸ்டின்


ராஜபாளையம்
21.1.2025

ஆஸ்டினுக்கு,

பொங்கலுக்கு மகள் ஷீனா திருப்பூரிலிருந்து வந்திருந்தாள். அதனால் தாமதம். எழுதவும் தாமதம். நான் மெதுவாகத்தான் எழுதுவேன். நீ மெதுவாகப் படி.

இதை எழுதுவது நான் இல்லை என்கிறாய். சரி. வேகமான பாட்டு வரும்போது நீ திரும்பி நின்று பல்செட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வாய். குற்றாலத்தில் ஒரு தடவை அதை ஓட்டலிலேயே மறந்து வைத்துவிட்டு, விடிந்ததும் நான் போய் வாங்கி வந்தேன். இதை ஒரு பெண்பிள்ளையிடம் சொல்லி எழுத வைப்பேனா? இப்போது நம்புகிறாயா?

தோள்பட்டை வலியால் போன வருடம் பல மாதம் நான் டிரம் பக்கம் போகவில்லை அல்லவா. டாக்டர் விரலுக்கு வேலை கொடுக்கச் சொன்னார். எங்கள் தெரு முனைப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் முதியவர்களுக்கு எழுத்து வகுப்பு நடக்கிறது என்று வீட்டுக்காரி சந்தனமேரி இழுத்துக்கொண்டு போனாள். பென்சிலைப் பிடித்தேன். முதல் நாளே எனக்குப் பிடித்துவிட்டது. 'ண' எழுதும்போது, டிரம் மீது கம்பி பிரஷ்ஷைச் சுழற்றுவது மாதிரி கை சுகமாகச் சுற்றி வருகிறது. உன்னிடம் சொல்லவில்லை. ஒரு நாள் உன் முன்னால் எதையாவது எடுத்துப் படித்து, உன் வாயை அடைக்க வேண்டும் என்று வைத்திருந்தேன். பஸ் ஸ்டாண்டில் டீச்சர் எனக்குப் படித்துச் சொல்லவில்லை. நான் படித்தேன். அவர் விரலைத்தான் நீட்டினார். நீ இன்னும் செத்த நேரம் நின்றிருந்தால் தெரிந்திருக்கும்.

நான் இறங்கி வந்தது கிளிக்குக்காக என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். இல்லை. அதற்கு முன்னால் பானுப்பிரியா ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தாளே, பெரிய எழுத்தில் அடித்தது? நான் கண்ணாடியை மாட்டினேன். மேலே 'பாட்டு ஏழு' என்று இருந்தது. படித்துவிட்டேன். அதற்குக் கீழே 'கட்டைவிரல்'. அதையும் படித்துவிட்டேன். கட்டைவிரலுக்கு எதற்குப் பாட்டு என்று யோசித்தேன். அடுத்த வரி 'கிட்டார் ஆஸ்டின்'. அதற்கும் அடுத்த வரியில் 'சூ' என்று தெரிந்தது. சத்தமாகப் படிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். நீ தாளை என் கையிலிருந்து உருவினாய். "அவனுக்குப் படிக்கத் தெரியாதும்மா, நான் சொல்லிக்கிடுறேன்" என்றாய்.

பாசத்தில் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். பாங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் பஸ்ஸிலும் எனக்காக இதைத்தான் சொல்லி வந்தாய். அன்றைக்கு மட்டும் அது பொய்யாகிவிட்டது. அதுவும் அந்தப் பெண்ணுக்கு முன்னால். என் பெயரை நானே படிக்கப் போன நேரத்தில். அதற்குப் பிறகு காதுக்குள் ஒருத்தன் தட்டினால் எனக்கு எப்படி இருக்கும்?

இனி முக்கியமான குற்றத்துக்கு வருகிறேன்.

வெள்ளிக்கிழமை மாரிக்கனி கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பேப்பரை விரித்தால் ஆளே வெளியே தெரிவதில்லை, அதுவும் ஒரு வசதி. அழகுராஜா டீ குடிக்க இறங்கி வந்தான். "மேல என்னதாம்லே செய்யுதீய?" என்று மாரிக்கனி கேட்க, அவன் செல்போனில் ஒரு பாட்டைப் போட்டான்.

"ஏலே அழகு, இதுல பாட்டு எங்க இருக்கு? வாத்து கத்துற மாதிரில்லா இருக்கு."

"அண்ணாச்சி, இது ஃபங்க்கு. பாட்டைத் தேடப்பிடாது. கால் ஆடுதா, பாருங்க."

"ஆடுது. நான் மூட்டுவலின்னுல்ல நெனச்சேன்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கிட்டார் வாசிப்பது கிட்டாரே இல்லை. ச்சிக்கு ச்சிக்கு என்று சுற்றி வந்து, இறங்கும் இடத்தில் ஒரு அடி மட்டும் கொஞ்சம் பிந்தி விழுகிறதே, அது என் பிரஷ். அந்த அடி ஏன் பிந்தும் என்று உனக்குத் தெரியும். மில்லில் ஸ்பின்னிங் பகுதியில் இருந்தபோது என் கட்டைவிரல் நசுங்கியது. அன்றிலிருந்து அந்த விரல் மடங்கச் சற்றே நேரம் எடுக்கும். உன் கட்டைவிரல் நன்றாகத்தானே இருக்கிறது? பிறகு உன் அடி எதற்குப் பிந்துகிறது?

என்னை வெளியே அனுப்பிவிட்டு என் கையை உள்ளே வைத்துக்கொண்டாய். அந்தப் பெண் பதிவு செய்ய ஆசைப்பட்டது உன் வலது கை இல்லை ஆஸ்டின். என்னுடையது. அதை அவளிடம் சொன்னாயா?

இன்னொன்று. இப்போது படிக்கத் தெரியும் என்பதால் ஷீனா செல்போனில் அனுப்பிய பழைய செய்திகளையெல்லாம் முதலிலிருந்து உட்கார்ந்து படித்தேன். நீ எனக்குப் படித்துக் காட்டும்போது ஒவ்வொன்றின் முடிவிலும் 'ஆஸ்டின் மாமாவைக் கேட்டதாகச் சொல்லவும்' என்று இருக்குமே. ஒன்றில்கூட அது இல்லை.

சூசை


ஸ்ரீவில்லிபுத்தூர்
27.1.2025

சூசை,

இதை எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன். எனக்கு எழுதத் தெரியும் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தாளை உருவியது தப்பு. உன் கண்ணாடியைப் பார்த்தேன். வயதானவன், வெளிச்சத்துக்கு மாட்டியிருக்கிறான் என்று நினைத்தேன். உன் கையில் ஒரு தாள் வந்தால் என் கை தானாக நீளும். அது யோசித்துச் செய்வதில்லை.

பிந்தும் அடி உன்னுடையதுதான்.

நீ தோளைக் கட்டிக்கொண்டு படுத்திருந்த வருடம் நான் தனியாக நிகழ்ச்சிக்குப் போனேன். வத்திராயிருப்பில் ஒரு கல்யாணம். ஜாஸ்தான் வாசிக்க ஆரம்பித்தேன். வரி நீண்டுகொண்டே போகிறது, அதற்குக் கீழே தரை இல்லை. நான் இடது பக்கம் திரும்பிப் பார்க்கிறேன், அங்கே உன் ஸ்டூல் இல்லை, ஒரு பந்தல் கால்தான் இருக்கிறது. அப்போது என் வலது கை தானாகக் கம்பியைத் தட்ட ஆரம்பித்தது. பாட்டை விட்டுவிட்டு உன் வேலையைப் பார்த்தது. நீ சுற்றுகிற மாதிரி சுற்றி, நீ பிந்துகிற இடத்தில் பிந்தி. பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் பாயசத்தை வைத்துக்கொண்டு தலையாட்டினார்கள். நம் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு கல்யாண வீட்டில் யாரும் "பாட்டு எப்போது ஆரம்பிக்கும்" என்று கேட்கவில்லை.

பானுப்பிரியா பெண் வீட்டுக்கு உறவு. சாப்பிட்ட கையோடு ஓடி வந்தாள். "அங்கிள், இது ஃபங்க். யார்ட்ட கத்துக்கிட்டீங்க?" என்றாள். அதற்குப் பெயர் ஃபங்க் என்று எனக்கு அப்போதுதான் தெரியும். "ராஜபாளையத்துல ஒருத்தன் இருக்கான், அவன் கட்டைவிரல் இது. தோள் சரியானதும் கூட்டி வாரேன்" என்றேன். அதனால்தான் ஏழாவது பாட்டுக்கு அவள் அந்தப் பெயரை வைத்தாள். தாளில் உன் பெயர் இருந்ததும் அதனால்தான். ஆகவே, ஆம், அவளிடம் சொன்னேன். உன்னிடம்தான் சொல்லவில்லை. ஸ்டூடியோவில் வைத்துச் சொல்லலாம் என்று இருந்தேன். நீ எனக்கு ஒன்று ஒளித்து வைத்திருந்தாய், நான் உனக்கு ஒன்று ஒளித்து வைத்திருந்தேன். இரண்டும் ஒரே தாளில் முட்டிக்கொண்டன.

ஷீனா விஷயம். சேர்த்துத்தான் படித்தேன். எனக்கு மகன் ஒருத்தன். அவனும் ஒரு வரி எழுத மாட்டான். உன் மகள் எழுதுவதையெல்லாம் என் வாயால்தானே நீ கேட்கிறாய், அதில் எனக்கு ஒரு வரி இருக்கட்டும் என்று தோன்றியது. அதனால்தான் பஸ் ஸ்டாண்டில் உன் டீச்சரைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. உண்மையைச் சொன்னால், நீயே படிக்கிறாய் என்று தெரிந்த பிறகு இன்னும் அதிகமாக எரிகிறது. யாரோ ஒருவர் என் இடத்தில் உட்கார்ந்தால் சண்டை போடலாம். நீயே உட்கார்ந்துகொண்டால் நான் என்ன செய்வது?

ஏழாவது பாட்டு இன்னும் முடியவில்லை. மெஷினை வைத்துப் பார்த்தோம், ஒட்டவில்லை. நீ வந்தாலும் எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. உன் இடம் முழுவதையும் என் கிட்டார் பிடித்துக்கொண்டது. இப்போது நீயும் வாசித்தால் ஒரே நாற்காலியில் இரண்டு பேர் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அவள் அடுத்த மாசக் கடைசிக்குள் ஆல்பத்தை அனுப்பியாக வேண்டும். பிப்ரவரி எட்டு, சனிக்கிழமை, பதிவுக்குக் கடைசி நாள். அன்றைக்கு முடியாவிட்டால் ஆறு பாட்டோடு போய்விடும். உன் பெயர் இருக்காது.

வா. எந்த அடி உன்னுடையது என்று சொல். திருப்பிக் கொடுக்க முடிகிறதா பார்க்கிறேன்.

ஆஸ்டின்


(அஞ்சலட்டை)
ராஜபாளையம்
31.1.2025

ஆஸ்டின்,

வருவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. சந்தனமேரி சிரிக்கிறாள். "பஸ் ஏறினா போயிரலாம். ரெண்டு கிழவனும் புதுசாக் காதலிக்கிற பிள்ளைய மாதிரி தபால்ல பேசுதீய. தபால்காரன் எங்கிட்ட வந்து அடுத்த காயிதம் எப்பம்னு கேக்கான்" என்கிறாள். நீ எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். எதையும் சேர்க்காமல் படித்தேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். சனிக்கிழமை பெட்டியை யார் தூக்குவது?

சூசை


(அஞ்சலட்டை)
ஸ்ரீவில்லிபுத்தூர்
4.2.2025

சூசை,

அதை என்னால் முடிவு செய்ய முடியாது. ஸ்டூடியோ அவளுடையது, ஸ்கூட்டர் அவளுடையது. தைரியம் இருந்தால் நேரில் வந்து அவளிடம் கேள்.

ஆஸ்டின்


ராஜபாளையம்
13.2.2025

அன்புள்ள ஆஸ்டினுக்கு,

சனிக்கிழமை இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். பிறகு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நீ பாதி நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் எல்லாவற்றையும் பார்த்தேன். பார்த்தவன் எழுதுகிறேன்.

நான் மாடிக்கு வந்தபோது பெட்டி ஏற்கெனவே மேலே இருந்தது. அவள்தான் தூக்கி வந்திருக்கிறாள். அதைப் பார்த்ததும் திரும்பிவிடலாம் என்றுதான் இருந்தது. அதற்குள் அவள் அந்தத் தாளை என் கையில் கொடுத்துவிட்டாள். நான் கண்ணாடியை மாட்டினேன். உன் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து நீ அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டாய். அதை நான் பார்க்கவில்லை என்று நினைத்தாய் அல்லவா?

'பாட்டு ஏழு. கட்டைவிரல். கிட்டார் ஆஸ்டின். டிரம்ஸ் சூசை. பேஸ் பானுப்பிரியா.' என் பெயர் அவள் பெயருக்கு மேலே இருந்தது. நான் அதை இரண்டு முறை படித்தேன். ஒருவருக்கும் தெரியாது, மெதுவாகப் படிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். 'முதல் அடியில் எல்லாரும் சேர்ந்து இறங்கவும்' என்று எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தபோது அழகுராஜா பொறுக்க மாட்டாமல், "தாத்தா, நான் வேணா..." என்று ஆரம்பித்தான்.

"ஏலே, சும்மா இரு. அவிய படிச்சிட்டு இருக்காவ" என்றாள் அவள்.

எனக்கு அந்த நேரத்தில் அவளைப் பிடித்துவிட்டது. அதனால் எனக்கு அவள் மேல் இருந்த கோபம் இன்னும் கூடியது. வெறுக்கவும் விடமாட்டேன் என்கிறாளே.

பிறகு நாம் சண்டை போட்டோம். நல்ல சண்டை. எந்த அடி என்னுடையது என்று கேட்டாய். எல்லாமே என்னுடையதுதான். ஆனால் போன வருடம் என் கை உன் வேலையைக் கற்றுக்கொண்டது, உன் கை என் வேலையைக் கற்றுக்கொண்டது. நான் கற்ற எழுத்தை உனக்குத் திருப்பிக் கொடுப்பேனா? மாட்டேன். அதே மாதிரிதான். அதனால்தான், "முத அடியை மட்டும் எனக்குக் குடு. மத்ததை நீயே வச்சுக்க" என்றேன்.

"அதுதாம்லே இந்தப் பாட்டுக்கே மூச்சு" என்றாய்.

"அதனாலதான் கேக்கேன்."

நீ அவளைப் பார்த்தாய். அவள் சிரித்துக்கொண்டே பேஸை மாட்டினாள்.

ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டேன். ஒரு காதில் அந்த டிக் டிக் பயல், மறு காதில் நீ. முதல் தடவை உன் கை பழக்கத்தில் என் இடத்தில் வந்து விழுந்தது. நான் உன்னை முறைத்தேன். அடுத்த தடவையும் விழுந்தது. அதற்கு அடுத்த தடவை நீ கண்ணை மூடிக்கொண்டாய், உன் கை அந்த இடத்துக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது. அங்கே ஒன்றுமே இல்லை. காலி. கதவைத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்ற மாதிரி இருந்தது. நான் அடித்தேன். அந்த ஒரு அடிதான். பிறகு நீ சுற்றிவிட்டு வந்தாய், மறுபடி ஒதுங்கினாய், நான் அடித்தேன். டிரம் முன்னால் உட்கார்ந்து இவ்வளவு குறைவாக நான் வாசித்ததே இல்லை. இவ்வளவு பெரிதாக வாசித்ததும் இல்லை.

முடித்ததும் அழகுராஜா கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "தாத்தா அடி கிளிக்குக்குக் கொஞ்சம் லேட்டா விழுது, சரி பண்ணிரவா?" என்று கேட்டான். உனக்கு முகம் மாறியதைப் பார்த்தேன். அவள்தான் பதில் சொன்னாள்.

"தொடாத. நான் அவியளுக்காகத்தான் காத்திருந்து இறங்குதேன். கேட்டுப் பாரு."

அவன் போட்டுக் காட்டினான். உண்மைதான். அவளுடைய பேஸ் என் கட்டைவிரலுக்காக அந்தக் கொஞ்ச நேரம் நின்று, என்னோடு சேர்ந்து இறங்குகிறது. இத்தனை வருடத்தில் நீகூட எனக்காக நின்றதில்லை, நீ உன் பாட்டுக்குப் போய்விடுவாய். இதைப் பொறாமையோடு யோசித்துப் பார்த்தேன். குறை ஒன்றும் கிடைக்கவில்லை. இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்து பெட்டி. இறங்கும் நேரத்தில் அவளும் நானும் ஒரே சமயத்தில் கைப்பிடியைப் பிடித்தோம்.

"தாத்தா, படி செங்குத்தா இருக்கு. உங்களுக்குத் தோளு வேற..."

"என் தோளை எனக்குத் தெரியும் தாயி. நீ ஏத்துனல்ல? நான் எறக்குதேன்."

அவள் உன்னைப் பார்த்தாள். நீ வாயைத் திறக்கவில்லை, அதற்கு நன்றி. விட்டுவிட்டாள். பாதிப் படியில் தோள் சுளீர் என்று இழுத்தது. நான் முகத்தில் காட்டவில்லை. ஆகவே இனிமேல் இதுதான் ஏற்பாடு, அவளிடமும் சொல்லிவிட்டேன். மேலே ஏற்றுவது அவள், கீழே இறக்குவது நான். இதில் நீ தலையிட வேண்டாம்.

நேற்று ஷீனாவிடமிருந்து செய்தி வந்தது. பாட்டில் வாசித்ததை நான் அவளுக்கு எழுதியிருந்தேன். அவள் பதிலில் கடைசி வரி இது: 'ஆஸ்டின் மாமாவைக் கேட்டதாகச் சொல்லவும்.' நான் சேர்க்கவில்லை. சேர்க்கச் சொல்லவும் இல்லை. நீ வரும்போது செல்போனைக் காட்டுகிறேன். உன் கண்ணால் படித்துக்கொள்.

கடைசியாக ஒன்று. பஞ்சு மார்க்கெட்டில் பஸ்ஸுக்கு நின்றோம். ஆல்பம் முடிந்த சந்தோஷத்தில் நீ பேசிக்கொண்டே சங்கரன்கோவில் பஸ்ஸில் ஒரு காலை வைத்துவிட்டாய். நான் உன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். பின்னால் வந்த பஸ்ஸின் போர்டைச் சத்தமாகப் படித்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர். பெரிய பெயர், கஷ்டமான எழுத்து, நான் ஒரே மூச்சில் படித்தேன். நீ ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாய். பெட்டியை உள்ளே நீட்டிக் கொடுத்தேன். அவள் ஸ்கூட்டரில் எதிர்ப்பக்கம் நின்று கை காட்டினாள், நீயும் அவளுக்குக் கை காட்டினாய். காட்டிக்கொள். ஆனால் உன்னைச் சரியான பஸ்ஸில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பியது நான்.

சூசை